வாசலில் நின்ற லாரி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். அண்ணியின் முட்டிவலி தேவலையா? சின்னவள் கணக்கில் தேறிவிட்டாளா, இல்லை இன்னமும் உங்களோடு மல்லுக்கட்டுகிறாளா?

ஒரு சேதி. பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலைப் புதிதாக எழுதுகிறார்கள். அந்தக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு நீள மேசை, சுற்றுவதைவிட அதிகமாகக் கத்தும் ஒரு மின்விசிறி, எங்களுக்குத் தலைவராக ஒரு பேராசிரியர். ஓய்வு பெற்றவர். கோபப்பட மாட்டார், அதுதான் பயம். ஒரு நிகழ்ச்சி புத்தகத்துக்குள் வர வேண்டுமென்றால் அது எத்தனை பேரைத் தொட்டது, எவ்வளவு ஆழமாகத் தொட்டது, எத்தனை காலத்துக்கு, இன்றைக்கு நடக்கும் எதையாவது அது விளக்குகிறதா என்று கேட்கிறார். முக்கால்வாசி இந்த இடத்திலேயே செத்துவிடுகிறது.

சின்னவள் பிறப்பதற்கு முன் நம் ஊரில் நடந்த நீரேற்று நிலைய மறியலைச் சொன்னேன். ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவுக்குக் கழிவு கலந்த தண்ணீரும் ஆலைக்கு நல்ல தண்ணீரும் போனதைச் சொன்னேன். பெண்கள் வாசலில் உட்கார்ந்ததையும், ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரிகள் வெளியே வர முடியாமல் போனதையும், கடைசியில் புதுக் குழாய் போட்டதையும் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. லாரிகள் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டார். முதல் லாரி வாசலிலேயே பழுதாகி வழியை அடைத்துக்கொண்டது என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். “அப்படின்னா இது தற்செயல்மா. வண்டி ரிப்பேர் ஆகாம இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது” என்றார்.

அந்த லாரியை ஓட்டியது என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை. நான் அப்போது விடுதியில் இருந்தேன், நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போட மறக்காதீர்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் ஏன் வரவில்லை என்று போனில் கூப்பிட்டுக் கேட்டிருந்தாய் என்று அண்ணி சொன்னாள். போனில் நீ பேசிக்கொண்டே போவாய், நான் உம் கொட்டிக்கொண்டே இருப்பேன். எழுதினால்தான் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிறவன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று அண்ணி தினமும் ஒருதரம் சொல்லிக் காட்டுகிறாள். வாஷர் மாற்றினேன், மறுபடி ஒழுகுகிறது. மரையே தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. மொத்தமாக மாற்ற வேண்டும். சின்னவள் கணக்கில் தேறிவிட்டாள், ஆனால் எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

நீ கேட்ட விஷயம். கியர் பாக்ஸ் இறுகிக்கொண்டது. பழைய வண்டி. அவ்வளவுதான்.

எழுதுவதற்கு ராஜாக்கள் தீர்ந்துபோய்விட்டார்களா? அவர்களைப் பற்றி எழுது. யாரும் வந்து கேட்க மாட்டார்கள். எங்கள் லாரி ஷெட் மேற்பார்வையாளர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. தலைமைப் பொறியாளர் கையில் இருக்கிறது. அன்றைக்கு வாசலில் நின்று எங்களை விரட்டிக்கொண்டிருந்த அதே பொறியாளர்தான் இப்போது தலைமை. இதை மனதில் வைத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. குழாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், லாரியைப் பற்றி ஒன்றரை வரி.

மறியலில் முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா இப்போது இந்த ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். தேடிப் போய்ப் பார்த்தேன். பார்வை மங்கிவிட்டது, பேச்சு மங்கவில்லை. நான் யாருடைய தங்கை என்று சொல்லாமல்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“வண்டி என் முட்டிய இடிக்கிற மாதிரி வந்து நின்னுச்சும்மா. அந்தப் பொறியாளர் பின்னாலேர்ந்து ஏத்துடா, ஏத்துடான்னு கத்துறாரு. டிரைவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சாவிய உருவி, பக்கத்துல இருந்த தொட்டிக்குள்ள வீசிட்டு, கியர் பாக்ஸ் போச்சு சார்னாரு.”

அண்ணா, நான் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. நான் எழுதப்போகிற வாக்கியத்தில் “லாரி நின்றது” என்று இருந்தால் அது பேராசிரியர் சொல்கிற தற்செயல். “ஓட்டுநர் லாரியை நிறுத்தினார்” என்று இருந்தால் ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார். எது சரி?

குழுவின் வழக்கப்படி வரைவை உங்கள் நீர்த் துறைக்குச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறோம். அதில் இப்போதைக்குப் பழுது என்றுதான் இருக்கிறது. தையல்காரம்மா சொன்னதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உடனே எழுதுங்கள். காத்திருப்பேன்.

தங்கை


மார்ச் 25

அன்புத் தங்கச்சிக்கு அண்ணி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் சரியாகவும் இல்லை. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறார். வேலைக்குப் போகும்போது தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்றால் மறுபடி கிளம்பிப் போகிறார்.

போன வாரம் தலைமைப் பொறியாளர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஷெட்டில் வேலை பார்க்கிறவரின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏன் என்று கேட்டேன். “பதவி விஷயம்” என்றார். பதவி கிடைக்கப்போகிற மனிதர் முகமா அது?

நீ அவருக்கு எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்க எடுத்தபோது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டாமல் இருந்ததில்லை. அப்படி என்னம்மா எழுதினாய்? எனக்குத் தெரியாமல் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன?

சின்னவள் உன்னைக் கேட்டாள். உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நான் நலம்தான்.

நான் கேட்டது பழைய லாரி விஷயம். என்னவென்று நான் எழுதுவதைவிட அண்ணன் வாயால் நீங்கள் கேட்பதுதான் நியாயம். அதை அவரிடமிருந்து நான் பறித்துக்கொள்ள மாட்டேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, இதை மட்டும் நம்புங்கள். தப்பு செய்தது நான். வரைவைத் துறைக்கு அனுப்பும்போது அங்கே யார் அதைப் படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவர் வேண்டாம் என்றால் நான் அடிக்குறிப்பை எடுத்துவிடுவேன்.

முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். சின்னவளுக்கு முத்தங்கள்.

தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தலைமைப் பொறியாளர் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. டீ வரவழைத்தார். உங்கள் குழு அனுப்பிய தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். யாரோ ஒரு கிழவி உளறியிருக்கிறாள், வண்டி பழுதானது உனக்கும் எனக்கும் தெரியும்தானே என்றார். ஆமாம் சார் என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுத்துவிடு என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும். தொட்டியில் சாவி விழுந்த சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் நான் மறுத்தேன் என்று அவர் புகார் எழுதினால், எதை மறுத்தேன் என்று மேலே கேட்பார்கள். உட்கார்ந்திருக்கிற பெண்கள் மேல் ஏற்றச் சொன்னேன் என்று அவர் எழுத முடியுமா? அதனால் அவருக்கும் கியர் பாக்ஸ் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது. இத்தனை வருஷமாக ஒரே குடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் நனையாமல் நின்றுகொண்டிருக்கிறோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் உத்தரவும் வந்துவிட்டது.

இனி இதைப் பற்றி எழுதாதே.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

துறை அனுப்பிய உங்கள் வாக்குமூலத்தைக் குழுவில் படித்தார்கள். உங்கள் கையெழுத்து தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. நான் குனிந்துகொண்டேன். பிறகு எழுந்து, ஓட்டுநர் என் அண்ணன், அதனால் இந்தப் பகுதியில் நான் வாக்களிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். “ஏன்மா முன்னாடியே சொல்லல?” என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரிதான்.

புதுக் குழாய் வந்ததையும், அந்தத் தெருவில் குழந்தைகளுக்கு வரும் நோய் குறைந்ததையும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரு இயந்திரக் கோளாறில் தொடங்கி அதோடு முடிந்த விஷயம், அதன் பிறகு அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை, ஆகவே பெட்டிச்செய்திக்குக்கூடத் தேறாது என்கிறார். கடைசி முடிவு ஜூன் இறுதியில்.

தையல்காரம்மா மகனைப் பிடித்துக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. இப்போது நான் யார் என்று அவருக்குத் தெரியும். உங்கள் கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அவரு வேலைல இருக்காருல்ல, என்ன பண்ணுவாரு” என்றார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை.

தங்கை


ஜூன் 9

அண்ணா,

எல்லோரும் சுகமா? ஒரு மாதமாக ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் சின்னவள் எடுத்து, அப்பா ஷெட்டில் இருக்கிறார் என்கிறாள்.

பேப்பரில் பார்த்தேன். ஊருக்கு வெளியே வந்த புதுக்குடியிருப்பில் அதே கதை, அதே நாற்றத் தண்ணீர். ஜனங்கள் நீரேற்று நிலைய வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். லாரிகளை எப்படியும் வெளியே எடுப்போம் என்று தலைமைப் பொறியாளர் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது ஷெட்டுக்குப் பொறுப்பு நீங்கள்.

நான் எதையும் கேட்கவில்லை. பத்திரமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

உயிரோடு, உடம்போடு இருக்கிறேன். வீட்டில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீ பேப்பர்க்காரன் எழுதியதை நம்பிவிடுவாய்.

சாவிகள் எல்லாம் இப்போது என் மேசையில்தான் தொங்கும். காலையில் டிரைவர்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு யாரும் கை நீட்டவில்லை. வெளியே ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகள்கூட இருக்கிறார்கள். சத்தமே இல்லை. சத்தம் போட்டாலாவது தேவலை என்றிருந்தது.

முதல் வண்டிக்காரன் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், “அண்ணே, கியர் பாக்ஸ்னு சொல்லிடவா?” என்றான்.

உனக்கு யார் சொன்னது என்றேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றான். இவன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தனக்கு வண்டி சொல்லிக்கொடுத்த டிரைவர் சொன்னாராம். ஆள் மேல் ஏற்றச் சொன்னால் கியர் பாக்ஸ் இறுகிவிடும், தெரிந்துகொள் என்று. நடுவில் இரண்டொரு தரம் துறையின் வேறு டிவிஷனிலும் அப்படி இறுகியிருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் பேச மாட்டேன் என்று என்னிடம் யாரும் பேசவில்லை.

உங்கள் பேராசிரியர் சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை என்று. அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது.

அதற்குள் தலைமைப் பொறியாளர் வந்துவிட்டார். இந்தத் தடவை கூடவே மெக்கானிக்கையும் கூட்டிவந்திருந்தார். எந்த வண்டியில் கோளாறு என்றாலும் அங்கேயே திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். கியர் பாக்ஸ் என்று இவன் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு.

சாவிக் கொத்தைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பொறியாளர் முதல் வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டார்.

“வண்டியெல்லாம் நல்லா இருக்கு சார். சாவி என்கிட்ட இருக்கு. தர மாட்டேன்” என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும் என்றார். எனக்குக் குரலைத் தாழ்த்த வரவில்லை.

“அது பொய் சார். அன்னைக்கும் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன். நீங்க ஏத்தச் சொன்னீங்க.”

வாசலில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. ஒரு அம்மா எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். மெக்கானிக் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டான்.

சாயங்காலமே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு கொடுத்துவிட்டார்கள். விசாரணை அடுத்த மாதம். வேலை மொத்தமாகப் போனாலும் போகலாம் என்று யூனியன்காரர் சொல்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. முன்பு எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கி உங்கள் குழுவுக்குத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தையல்காரம்மாவிடம் சொல்லிவிடு.

அண்ணியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஊரே சொல்லிவிட்டது. நான் சொல்வதற்காக அவள் காத்திருக்கிறாள்.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இரண்டு பேரும் தைரியமாக இருக்கிறீர்களா? குழுவின் முடிவுக்காக அலைந்ததில் நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் கடிதத்தைக் குழுவில் பேராசிரியரே எழுந்து நின்று படித்தாராம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், தையல்காரம்மாவோடு. பிறகு கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் ஜன்னலோரம் நின்றாராம். மற்ற டிவிஷன்களில் இறுகிய கியர் பாக்ஸ்களைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். இதை இனித் தற்செயல் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனாலும் புத்தகத்தில் வரவில்லை, அண்ணா. விசாரணை நடக்கும்போது அச்சிட முடியாது என்று சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டார். பேராசிரியர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “நேத்து வரைக்கும் ரொம்பச் சின்னதுன்னு தள்ளினோம். இன்னைக்கு இன்னும் முடியலன்னு தள்றோம். என் காலத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. சந்தோஷமும் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. அடுத்த பதிப்புக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, கீழே வந்துதான் அழுதேன்.

விசாரணை அன்றைக்கு நான் வரட்டுமா? லீவு சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றாலும் வருவேன்.

தங்கை


ஜூலை 20

அன்புத் தங்கச்சிக்கு அண்ணி எழுதுவது. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் இடம் கிடைத்ததா?

நீ கிளம்பிய மறுநாள் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. மேற்பார்வையாளர் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டியும் கிடையாது. நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்க்கிற வேலை. தலைமைப் பொறியாளரை விளக்கம் கேட்டிருக்கிறார்களாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று யூனியன்காரர் சொல்கிறார். ஆட்கள் இருக்கும் இடத்தில் வண்டியை எடுக்கச் சொல்லக் கூடாது என்று எல்லா டிவிஷனுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. புதுக்குடியிருப்பில் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். எப்போது முடிப்பார்களோ.

விசாரணை நடந்த தாழ்வாரத்தில் அந்த ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்களே, அதில் ஒரு பெண் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். உன் அண்ணன் அவளிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. மோட்டார் சத்தத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவளும் புரிந்துகொண்டாள்.

அவள் போன பிறகு என்னிடம் சொன்னார். முதலிலிருந்து, நிறுத்தாமல். அந்தத் தையல்காரம்மாவின் முகம், தொட்டி, அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் கியர் பாக்ஸ் என்று சொன்னது எல்லாம். அப்போது சின்னவள் என் வயிற்றில். எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். கிரீஸ் போகவில்லை போல என்று நினைத்தேன்.

ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ தினம் பயந்துக்கிட்டே இருந்திருப்பே” என்றார்.

“நீங்க?” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பசிக்கிறது என்றார். அடுப்பில் எல்லாம் ஆறிப்போயிருந்தது, சுட வைத்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார், தங்கச்சி. சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட இல்லை, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். விடிந்து பகல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுந்ததும் உனக்கு அவரே எழுதுவார்.

சத்தம் போடாமல் தபாலில் சேர்க்கச் சின்னவளை அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி